ராத்திரிச் சப்பாத்தியை நிறுத்தினால் தட்டில் என்ன வைப்பது?

எங்கள் வீட்டுக்குள் கோதுமை நுழைந்ததே ஒரு மருந்துச் சீட்டோடுதான். கும்பகோணத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர் இருக்கிற வீடு என்றால் சப்பாத்திக் கட்டை உருளும். சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் சொல்லிவிட்டார், மூன்று சப்பாத்தி, கொஞ்சம் குருமா. எனக்கும் ஆறு வருஷமாக அதுதான். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்தது, வயிறுதான் கெட்டது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தவில் மாதிரி உப்பிக்கொள்ளும். காலையில் எழுந்தாலும் அந்த மந்தம் விடாது. குருமாவில் தேங்காய் அதிகம், பட்டாணி சேரவில்லை, வயசாகிறது என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகள் கதை வேறு. மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி டெல்லிக்குப் போனாள். அங்கே காலையில் பராத்தா, மத்தியானம் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. இரண்டு வருஷம் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவே இல்லை. எடை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் வேறொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், பிறகு எண்டோஸ்கோப்பி. சீலியாக் என்று வந்தது. போன தை மாசம் இரண்டு மாதம் தங்குவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரே அடுப்படியில் இரண்டு பேர் கோதுமையை விட வேண்டும், ஆனால் இரண்டு பேருக்கும் கண்டிப்பு வேறு வேறு. அந்த இரண்டு மாதம் நான் போட்டுப் பார்த்த கணக்குதான் இது.

முதலில் எது யாருக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கோதுமை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததில் மூன்று வகை உண்டு. சீலியாக் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்ததும் நம் சிறுகுடலையே தாக்குவது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள் மழுங்கிப்போகும். அதனால்தான் எவ்வளவு மாத்திரை போட்டாலும் இரும்பு ஏறாது. கோதுமை ஒவ்வாமை வேறு: அது தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு என்று சீக்கிரமே காட்டிவிடும். மூன்றாவது, இந்த இரண்டும் இல்லாமல், கோதுமை தின்றால் உப்பல், வலி, சோர்வு என்று வருவது. அதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில வாரம் கோதுமையை விட்டுப் பார்த்து, மறுபடி சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் இந்த மூன்றாவது கட்சி.

இங்கே ஒரு தப்பை எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போவது. சீலியாக்குக்குப் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் ஒழுங்காகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்தில் அது தேடுகிற எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எனக்கு அப்படித்தான், மறுபடியும் ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆறு வாரம் நான் பட்ட பாடு!

"டெல்லிக்கு அனுப்பினதுதான் தப்போ?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருத்தியைப் பற்றி யாராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2016இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வு இருக்கிறது. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வடக்கே ஆயிரத்தில் சுமார் 12 பேருக்கு சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ சோறு போட்டு வளர்த்தது சரிதான்" என்றாள்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தன. 1950இல் அவர் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

சரி, சப்பாத்திக்கு வருவோம். 'மைதாதான் கெடுதல், முழுக் கோதுமை நல்லது' என்று காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நார்ச்சத்துக் கணக்கில் அது உண்மை. குளூட்டன் கணக்கில் அது உதவாது. குளூட்டன் தவிட்டில் இல்லை, தவிட்டுக்கு உள்ளே இருக்கும் மாவுப் பகுதியில் இருக்கிறது. முழுக் கோதுமையிலும் அந்தப் பகுதி அப்படியேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். சப்பாத்தி மாவில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிசைந்துகொண்டே இருங்கள். பால் மாதிரி மாவு கரைந்து போய், கடைசியில் கையில் பழுப்பாக, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற ஒரு ஜவ்வு மிஞ்சும். அதுதான் குளூட்டன். சின்ன வயசில் பச்சைக் கோதுமையை மென்று மென்று பபிள்கம் செய்வோமே, அதே சாமான்.

சம்பா கோதுமைக்கு மாறினால் போதும் என்று இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். சம்பா ரவை உப்புமா ருசிதான், சாதாரண ரவையைவிட மெதுவாகச் செரிக்கும். ஆனால் அதுவும் கோதுமை வகைதான், அதிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. என்னைப் போன்றவர்கள் சாப்பிட்டுப் பார்க்கலாம்; எனக்கு உப்பல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ரவை என்றதும் ஞாபகம் வருகிறது: ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று என் மாமியார் கடைசி வரை நம்பவில்லை. "அது ரவைடி, கோதுமை இல்லை" என்று சொல்லி அக்கா மகளுக்கே கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டார். நல்ல வேளை, அவள் வாயில் வைக்கவில்லை.

கோதுமையை விட்டால் என்னென்ன இருக்கிறது? அரிசி, கேழ்வரகு, சிறுதானியம், கடையில் விற்கிற 'குளூட்டன் ஃப்ரீ' மாவு. இதில் முதல் மூன்றையும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தேன். 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், புரதம் 10.5. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை, புரதம் 8. கேழ்வரகில் நார்ச்சத்து கோதுமைக்குச் சமம், புரதம் 7. ஆனால் கால்சியம் 364 மில்லிகிராம், வேறெந்தத் தானியமும் பக்கத்தில் வராது. கம்பு, நார்ச்சத்து புரதம் இரண்டிலும் கோதுமைக்கு ஈடு. கம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குளூட்டன் உள்ளவை என்று தமிழில் வருகிற சில பட்டியல்களில் 'கோதுமை, பார்லி, கம்பு' என்று இருக்கும். அது குளிர் நாடுகளில் விளையும் ரை என்ற தானியத்தைக் கம்பு என்று மொழிபெயர்த்த வினை. நம்ம ஊர்க் கம்பில் குளூட்டன் கிடையாது, பயப்படாமல் கூழ் காய்ச்சலாம்.

அரிசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு வேறெதை முதலில் எடுப்பது? அரிசி என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்வதில்தான் டாக்டர்களோடு எனக்குச் சண்டை. பாலிஷ் போட்ட பச்சரிசிச் சோறு வேறு, புழுங்கல் வேறு, தவிடு போகாத சிவப்பரிசி வேறு. நெல்லை அவித்துக் காய வைக்கும்போது தவிட்டிலிருக்கும் பி வைட்டமினில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் தீட்டின பிறகும் புழுங்கலரிசியில் அது கொஞ்சம் மிஞ்சும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, காட்டுயானம் எல்லாம் இப்போது கும்பகோணம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, 2018இல் மறைந்த நெல் ஜெயராமனுக்கு அதில் பெரிய பங்கு. ஒன்றை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: நிறம். வெளுத்த மாப்பிள்ளைச் சம்பா என்றால் தவிட்டைச் சுரண்டிவிட்டார்கள், பெயருக்குத்தான் காசு. விலையும் இட்லி அரிசியைப் போல மூன்று நாலு மடங்கு. அதனால் முழுக்க அதையே போடாமல், இட்லிக்கு ஊற வைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு காட்டுயானம், மீதி குண்டு அரிசி என்று வைத்துக்கொண்டேன். குண்டு அரிசி என்றால் பொன்மணி, அதாவது சி.ஆர். 1009 என்ற நெல் ரகம். இட்லி கொஞ்சம் சிவந்து வரும், மெத்தென்று இருப்பதில் குறைவில்லை.

இட்லியில் ஒரு சௌகரியம், அரிசியில் குறைகிற புரதத்தை உளுந்து ஈடுகட்டுகிறது. அந்த உளுந்தும் நம் வயல்தான். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா வைத்தால் பாசிப்பருப்பும் சேர்கிறது. ஆனால் சர்க்கரை இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: இட்லி ராத்திரிகளில் என் குளுக்கோமீட்டர் சப்பாத்தி ராத்திரியைவிட மேலேதான் காட்டியது. நாலை மூன்றாக்கி, கடப்பாவை இரண்டு கரண்டி கூட்டினால் இறங்கியது. யோசித்துப் பார்த்தால் சப்பாத்தியின் மகிமையில் பாதி எண்ணிக்கையில் இருக்கிறது. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை.

கேழ்வரகுதான் சப்பாத்தியின் இடத்தில் உண்மையிலேயே உட்கார்ந்தது. கூழாகவோ கஞ்சியாகவோ கரைத்துக் குடித்தால் சர்க்கரை சரசரவென்று ஏறும். கெட்டியாக அடை தட்டினால் நிதானமாக ஏறும். ஆனால் தட்டுவது ஒரு வித்தை. ஜவ்வு இல்லாத மாவு, கட்டையால் தேய்த்தால் விண்டு போகும். முதல் வாரம் நாங்கள் சாப்பிட்டது அடையே இல்லை, கேழ்வரகுத் துண்டுகள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு மாவில் ஊற்றி, சூடு பொறுக்கிற பதத்தில் பிசைந்து, முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கின வெங்காயமும் சேர்த்து, எண்ணெய் தடவின வாழை இலைத் துண்டில் விரலால் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுத்தோம். உடையாமல் வந்தது. "சித்தி, டெல்லியில வாழை இலைக்கு எங்க போவேன்?" என்றாள். ஈரத் துணியிலும் தட்டலாம், கொஞ்சம் பழக வேண்டும்.

இதில் வில்லங்கம் மாவு மில். எங்கள் தெருமுனை மில்லில் மூன்று மிஷின்: மிளகாய்க்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று. கேழ்வரகைக் கொண்டுபோனால் பழக்கத்தில் கோதுமை மிஷினில்தான் கொட்டுவார். வாயில் கட்டியிருக்கும் துணியைத் தட்டினாலே முன்னால் அரைத்தவருடைய மாவு புகையாகப் பறக்கும். முதல் இரண்டு கை கேழ்வரகு மாவு நிறத்திலேயே இருக்காது. குளூட்டன் இல்லை என்று ஒரு பொருளைச் சொல்ல நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது அது. எனக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது, அவளுக்குச் செய்யும். "அண்ணே, அரிசி மிஷின்ல போட்டுக் கொடுங்களேன்" என்றேன். "அடுத்து வர்றவங்க கொழுக்கட்டை மாவு கறுத்துப்போயிடுமேம்மா" என்றார். நியாயம்தான். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போவது, கேழ்வரகு அரைத்து முடித்ததும் என் செலவில் அரை கிலோ பச்சரிசியைப் போட்டு மிஷினைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பது. அந்த மாவு வாசல் கோலத்துக்கு ஆயிற்று. சல்லடையும் புதிது வாங்கினேன். பழைய மரக்கட்டையையும் பலகையையும் அவள் இருந்த வரை பரணில் போட்டுவிட்டேன். மரத்தின் கீறலில் மாவு தங்கினால் எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது.

வரகு, சாமை, தினை, குதிரைவாலி பற்றி அதிகம் சொல்ல எனக்கு விஷயமில்லை. குளூட்டன் கிடையாது, நார்ச்சத்து அரிசியைவிட நன்றாகவே உண்டு. சாமைப் பொங்கல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் நம் நஞ்சையில் விளைவதில்லை, ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் போதும் என்பது என் எண்ணம். கடை 'குளூட்டன் ஃப்ரீ' மாவு ஒரு பாக்கெட் வாங்கினோம். அரிசி மாவு, மரவள்ளி மாவு, கொஞ்சம் கோந்து. சப்பாத்தி மாதிரி வட்டமாக வந்தது, ருசி நினைவில் இல்லை. ரயிலில் போகும்போது உதவும். மற்றபடி, நெல் விளைகிற ஊரில் அரிசி மாவை அந்த விலைக்கு வாங்குவது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தட்டில் தெரிகிற கோதுமையைவிடத் தெரியாத கோதுமைதான் அவளைப் படுத்தியது. பெருங்காயம் முதல் குற்றவாளி. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய், எல்லாவற்றிலும் அது. அரிசி மாவு சேர்த்தது தேடி வாங்கினோம். அடுத்தது ஹார்லிக்ஸ். உடம்பு இளைத்திருக்கிறாளே என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தார்கள். அது பார்லி மால்ட்டும் கோதுமையும். திருவையாற்றிலிருந்து வந்த அசோகாவும் அப்படித்தான்: பாசிப்பருப்பு அல்வாதானே என்று நினைப்போம், ஆனால் பதத்துக்காகக் கோதுமை மாவோ மைதாவோ நெய்யில் வறுத்துச் சேர்ப்பார்கள். அதிரசம் பிழைத்தது, சுசியம் பிழைக்கவில்லை. ஓட்டலில் வடை உளுந்துதான். பூரி பொரித்த எண்ணெயில் போட்டிருந்தால் அதுவும் போச்சு. நாகூர்ப் பக்கத்துத் தோழி வீட்டு நோன்புக் கஞ்சி, நொய்யும் பாசிப்பருப்பும், நிம்மதியாகக் குடிக்கலாம். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களில் சீலியாக் உள்ளவர்களுக்கு நற்கருணை அப்பமே கேள்வி. திருச்சபை விதிப்படி அது கோதுமையால்தான் ஆக வேண்டும், ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, குருவிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.

என் வயிற்றுக்கு இன்னொரு முடிச்சு இருந்தது. கோதுமையை அடியோடு விட்டும் சில நாள் உப்பியது. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃப்ரக்டான் என்ற ஒரு வகை மாவுச்சத்தும் இருக்கிறது. குடலில் செரிக்காமல் கீழே போய்ப் புளித்து வாயு உண்டாக்கும். 2018இல் நார்வேயில் வந்த ஓர் ஆய்வில், சீலியாக் இல்லாமல் குளூட்டன் ஆகாது என்று தாங்களே ஒதுக்கி வைத்திருந்த 59 பேருக்கு, எது எது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் உப்பியது ஃப்ரக்டான் தின்ற வாரத்தில்தான், குளூட்டன் வாரத்தில் இல்லை. அந்த ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய. என் உப்பல் ராத்திரிகளைத் திரும்பிப் பார்த்தால் சின்ன வெங்காய சாம்பாரோ பூண்டுக் குழம்போ இருந்திருக்கிறது. கேழ்வரகு அடையில் வெங்காயத்தை விட்டுவிட்டுக் கீரையைக் கூட்டினேன், வித்தியாசம் தெரிந்தது.

கணக்கு இப்படி முடிந்தது. அவளுக்கு: கோதுமை, பார்லி துளிகூடக் கிடையாது, ஆயுசுக்கும். தினசரி புழுங்கலரிசி, இட்லி, வீட்டு மிக்ஸியில் அரைத்த கேழ்வரகு மாவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. எனக்கு: வாரத்தில் மூன்று ராத்திரி கேழ்வரகு அடை, இரண்டு ராத்திரி சிவப்பு இட்லி மூன்று, ஒரு ராத்திரி சாமை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சப்பாத்தி, ஆசைக்கு. பரணிலிருந்து கட்டையை இறக்கிவிட்டேன். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக வாங்கிக்கொண்டிருந்த கோதுமையை இப்போது வாங்குவதில்லை.

பங்குனியில் அவளை ரயிலேற்றிவிட்டோம். பெட்டியில் புடவையைவிடக் குண்டு அரிசிதான் அதிகம். அக்கா ஒரு பக்கத்தில் புதுச் சல்லடையைச் செருகினாள், நான் பெருங்காய டப்பாவை. வண்டி நகரும்போதுதான் அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "சித்தி, உளுந்து எடுத்து வைக்கலை!"